மத்தியானம் பன்னெண்டு மணிக்கு ஷார்ட்வேவ் போட்டா கரகரன்னு தான் வரும்: புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு

ஷார்ட்வேவ்னு பேச்சு எடுத்தாலே ரெண்டு கோஷ்டி கிளம்பிடும். ஒரு கோஷ்டி "அதெல்லாம் எப்பவோ போய்ச் சேந்துடுச்சு, இலங்கை வானொலி காலத்தோட முடிஞ்சுது"ன்னு சொல்லும். இன்னொண்ணு "காசைப் பாக்காம பெரிய செட்டா வாங்கி மொட்டைமாடில நீளமா ஒயர் கட்டு, உலகமே கேக்கும்"னு சொல்லும். ரெண்டுமே அரைகுறை. இதைக் கேட்டுட்டு ஒருத்தர் ஆன்லைன்ல ரேடியோ ஆர்டர் பண்ணுவார், பார்சல் மத்தியானம் வரும், ஹால்ல டிவி பக்கத்துல வச்சே பிரிச்சு ஆன் பண்ணுவார், ஒரு பத்து நிமிஷம் முள்ளை அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓட்டிப் பாத்துட்டு "ஒண்ணும் வரலியே"ன்னு அலமாரி மேல தூக்கி வச்சிடுவார். அந்த ரேடியோ மேல தப்பே இல்ல. போட்ட நேரம் தப்பு, வச்ச இடம் தப்பு.

தூரத்து ஸ்டேஷனைத் தேடிப் பிடிச்சுக் கேக்கற இந்தப் பொழுதுபோக்குக்கு டிஎக்ஸிங்னு பேரு. இதுல நேரம் தான் முதல்ல, அப்புறம் மின் இரைச்சல் இல்லாத இடம், செட்டு மூணாவது தான். ஏன் இந்த வரிசைன்னு புரிய கொஞ்சம் வானத்தைப் பத்தி தெரிஞ்சுக்கணும்.

எஃப்எம் ஏன் செங்கல்பட்டு தாண்டினதும் விட்டுப்போகுது

சென்னைல இருந்து கார்ல கிளம்பி எஃப்எம் கேட்டுட்டே போனா செங்கல்பட்டு தாண்டி கொஞ்ச நேரத்துல பாட்டு விட்டு விட்டு வந்து அப்புறம் சுத்தமா காணாம போயிடும். எஃப்எம் அலை நேர்க்கோட்டுல போற ஆளு, பூமி உருண்டை, அதனால ஒரு தூரத்துக்கு மேல பூமியே நடுவுல வந்து மறைச்சிடுது. டிரான்ஸ்மிட்டர் பவரை எவ்வளவு ஏத்தினாலும் இதுல பெரிய மாத்தம் வராது.

இங்க ஒரு சின்ன கணக்கு. ஒரு அலை ஒரு செகண்டுக்கு எத்தனை தடவை மேலும் கீழும் ஆடுதோ அது தான் அதோட அலைவரிசை, ஹெர்ட்ஸ்ல சொல்லுவோம், பத்து லட்சம் தடவை ஆடினா 1 மெகாஹெர்ட்ஸ். எஃப்எம் 88-ல இருந்து 108 மெகாஹெர்ட்ஸ், ஷார்ட்வேவ் 3-ல இருந்து 30 வரைக்கும். பழைய ரேடியோ டயல்ல 25 மீட்டர், 31 மீட்டர், 41 மீட்டர்னு போட்டிருக்கும்ல, அது ஒரு அலையோட நீளம். 300-ஐ மெகாஹெர்ட்ஸால வகுத்தா மீட்டர் வந்துடும், 7.3 மெகாஹெர்ட்ஸ்னா சுமாரா 41 மீட்டர். அவ்ளோ தான் விஷயம், இதுக்கு மேல கணக்கு கிடையாது.

கேரம் போர்டு மாதிரி யோசிங்க

கேரம்ல நேரா அடிக்க முடியாத காயை எப்படி அடிப்போம், எதிர்ல இருக்கற ஃப்ரேம்ல ஸ்ட்ரைக்கரை விட்டு ரீபவுண்ட்ல அடிப்போம்ல. ஷார்ட்வேவ் அதே வேலையைத் தான் செய்யுது. டிரான்ஸ்மிட்டர்ல கிளம்பின அலை மேல போய் வானத்துல ஒரு இடத்துல பட்டு கீழ திரும்பி, மூவாயிரம் நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி இறங்குது. இறங்கின இடத்துல தரைலயோ கடல்லயோ பட்டு மறுபடி மேல போய் மறுபடி கீழ வரும், இப்படி ரெண்டு மூணு தாவல்ல ஜப்பான்ல இருந்து தமிழ்நாட்டுக்கு வந்துடலாம். கடல் மேல பட்டா இழப்பு கம்மி, உப்புத்தண்ணி நல்லா திருப்பி விடும்.

ரீபவுண்ட் ஷாட்ல ஸ்ட்ரைக்கர் எதிர் ஃப்ரேம்ல பட்டுத் திரும்பும்போது நம்ம கை பக்கத்துல இருக்கற காய் பாட்டுக்கு அசையாம இருக்கும். அதே கதை இங்கயும் உண்டு. ஆல் இந்தியா ரேடியோ பெங்களூருல 500 கிலோவாட் ஷார்ட்வேவ் டிரான்ஸ்மிட்டர்கள் வச்சிருக்கு, பூதம் மாதிரி பவர், ஆனா அங்க இருந்து 15 மெகாஹெர்ட்ஸ்ல போற நிகழ்ச்சி ஐரோப்பாவுல கணீர்னு கேக்கற நேரத்துல 300 கிலோமீட்டர்ல இருக்கற சென்னைல ஈனஸ்வரத்துல வரும், இல்ல வரவே வராது. அலை நம்ம தலைக்கு மேல தாண்டிப் போயிடுது. இப்படி விட்டுப்போற பகுதிக்கு ஸ்கிப் ஸோன்னு பேரு. "பக்கத்து ஊரு ஸ்டேஷனே வரலை, இந்த செட்டு எங்க ஜப்பானைப் பிடிக்கப்போகுது"ன்னு நினைக்கறவங்க இதைத் தான் கவனிக்கறதில்ல.

சரி, ரொம்ப வேகமா அடிச்சா ஸ்ட்ரைக்கர் ஃப்ரேமைத் தாண்டி வெளில பறந்துடும்ல, எஃப்எம்முக்கு நடக்கறது அது தான். அது வானத்துல திரும்பறதே இல்ல, பிச்சுக்கிட்டு விண்வெளிக்குப் போயிடுது.

உண்மைல அங்க என்ன நடக்குது

கேரமை இங்கயே விட்டுடலாம், ஏன்னா மேல ஃப்ரேம் மாதிரி ஒரு கெட்டியான சுவர் எதுவும் கிடையாது. சூரியனோட புற ஊதாக் கதிரும் எக்ஸ் கதிரும் மேல் வளிமண்டலத்துல இருக்கற காத்தோட அணுக்கள்ல இருந்து எலக்ட்ரானைப் பிச்சு எடுத்துடுது. அப்படி எலக்ட்ரான் சுதந்திரமா திரியற பகுதி தான் அயனி மண்டலம், சுமாரா 60 கிலோமீட்டர்ல ஆரம்பிச்சு பல நூறு கிலோமீட்டர் வரைக்கும் இருக்கு. ரேடியோ அலை உள்ள நுழைஞ்சா அந்த எலக்ட்ரான்களும் சேந்து ஆடும், அந்த ஆட்டம் அலையோட பாதையைக் கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு கடைசில கீழ பாத்து திருப்பி விடும். அலைவரிசை கூடக் கூட வளைவு குறையும், ஒரு அளவுக்கு மேல வளையாம நேரா வெளியேறிடும்.

இதைக் கண்டுபிடிச்ச கதை சுவாரசியமானது. 1901-ல மார்க்கோனி இங்கிலாந்துல இருந்து அட்லாண்டிக் கடலைத் தாண்டி சிக்னல் வாங்கினதா சொன்னப்ப, பூமி உருண்டையாச்சே அலை எப்படி வளைஞ்சு போச்சுன்னு எல்லாரும் மண்டையைப் பிச்சுக்கிட்டாங்க. 1902-ல கென்னலி, ஹெவிசைடுன்னு ரெண்டு பேர் தனித்தனியா மேல மின்சாரம் கடத்தற ஒரு அடுக்கு இருக்கணும்னு சொன்னாங்க, 1924-ல ஆப்பிள்டன் அதை அளந்தே காட்டி 1947-ல நோபல் வாங்கினார். நடுவுல ஒரு கூத்து நடந்துச்சு: 200 மீட்டருக்குக் கீழ இருக்கற அலையெல்லாம் தூரம் போகாது, எதுக்கும் உதவாதுன்னு முடிவு பண்ணி 1912-ல அமெரிக்க அரசாங்கம் அமெச்சூர் ஆளுங்களை, அதாவது பொழுதுபோக்கா ரேடியோல பேசிக்கறவங்களை, அந்தப் பக்கம் தள்ளி விட்டுச்சு. 1923-ல அதே ஆளுங்க சுமார் 110 மீட்டர்ல அமெரிக்காவுக்கும் பிரான்ஸுக்கும் நடுவுல ரெண்டு பக்கமும் பேசிக் காட்டிட்டாங்க. வேண்டாம்னு தூக்கிப் போட்டது தான் ஷார்ட்வேவ் ஆச்சு. நம்ம நாட்டுல கல்கத்தாவுல சிசிர் குமார் மித்ரா இதே அயனி மண்டலத்தைப் பத்தி பெரிய ஆராய்ச்சி பண்ணினவர்.

இதுவரைக்கும் சொன்னது இவ்ளோ தான்: தூரத்தை உண்டாக்கறது வானம். அந்த வானத்தை உண்டாக்கறது சூரியன். அப்போ சூரியன் நகர நகர நமக்குக் கேக்கற ஊரும் மாறும்.

பகல்ல ஒண்ணு, ராத்திரில ஒண்ணு

அயனி மண்டலத்துல அடுக்கு அடுக்கா இருக்கு, நமக்கு ரெண்டு போதும். 60-ல இருந்து 90 கிலோமீட்டர் உயரத்துல இருக்கறது டி அடுக்கு. இது வில்லன். அங்க காத்து கொஞ்சம் அடர்த்தி, அதனால ஆடற எலக்ட்ரான் பக்கத்துல இருக்கற காத்து மூலக்கூறுல மோதி மோதி அலையோட சக்தி சூடா மாறி வீணாப்போகுது. குறைஞ்ச அலைவரிசைக்கு அடி அதிகம். அதனால தான் பகல்ல 49 மீட்டரும் 41 மீட்டரும் செத்த மாதிரி கிடக்குது. சூரியன் மறைஞ்ச கொஞ்ச நேரத்துலயே டி அடுக்கு கலைஞ்சு போயிடும்.

300 கிலோமீட்டர் பக்கம் இருக்கறது எஃப் அடுக்கு. இது தான் அலையைத் திருப்பி விடற புண்ணியவான். அங்க காத்து ரொம்ப மெல்லிசு, பிரிஞ்ச எலக்ட்ரான் திரும்ப சேர ஆள் கிடைக்காம ராத்திரி பூரா அலையும், அதனால எஃப் அடுக்கு ராத்திரியும் ஓரளவு இருக்கும். ஆனா பகல் அளவுக்கு பலம் இருக்காது, அதனால ராத்திரி ஆக ஆக 17, 21 மெகாஹெர்ட்ஸ் மாதிரி உயர்ந்த அலைவரிசையெல்லாம் திரும்பாம வெளியேறிடும்.

ஆகவே பகல்ல மேல போங்க, 19 மீட்டர், 16 மீட்டர், அதாவது 15-ல இருந்து 18 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். இருட்டினா கீழ வாங்க, 31, 41, 49 மீட்டர், அதாவது 6-ல இருந்து 10 வரைக்கும். காலைல விடியற நேரமும் சாயங்காலம் விளக்கு வைக்கற நேரமும் ரெண்டுக்கும் நடுவுல இருக்கறதால ரொம்ப நல்ல நேரம், புதுசா ஆரம்பிக்கறவங்க அந்த ரெண்டை விடவே கூடாது.

இதை நம்ம காதாலயே சோதிச்சுப் பாக்க ஒரு அருமையான வழி இருக்கு. சீனாவுல ஷான்ஷி மாகாணத்துல பிபிஎம்னு ஒரு நேரம் சொல்ற ஸ்டேஷன், பாட்டு கிடையாது, செய்தி கிடையாது, செகண்டுக்கு ஒரு தடவை டிக் டிக்னு அடிக்கறது மட்டும் தான் வேலை. 5000, 10000 கிலோஹெர்ட்ஸ்ல, அதாவது 5, 10 மெகாஹெர்ட்ஸ்ல, நாள் பூரா ஓடுது, 15000-ல பகல்ல மட்டும். சென்னைல இருந்து அது 3,500 கிலோமீட்டருக்கு மேல. ஒரு லீவு நாள்ல ரேடியோவை 5000-ல வச்சு மத்தியானம் கேளுங்க, பெரும்பாலும் வெறும் இரைச்சல். அதே நேரத்துல 15000 போட்டா டிக் கேக்க வாய்ப்பு இருக்கு. சாயங்காலம் ஆறரைக்கு மறுபடி 5000-க்கு வாங்க, முதல்ல இருக்கா இல்லையான்னு சந்தேகமா ஒரு டிக், அப்புறம் அஞ்சு டிக் கேட்டு ரெண்டு விட்டுப்போகும், ஏழரை மணிக்கு எல்லாம் சுவர் கடிகாரம் மாதிரி தெளிவா அடிக்கும். டி அடுக்கு கலையறதை இப்படி உக்காந்த இடத்துல இருந்தே கேட்டுடலாம். ஒவ்வொரு மணிலயும் 29-ஆவது நிமிஷமும் 59-ஆவது நிமிஷமும் ஒரு பொண்ணு குரல் சீன மொழில ஸ்டேஷன் பேரைச் சொல்லும், அதைக் கேட்டுட்டா அடையாளமும் உறுதி.

நம்ம தலைக்கு மேல இருக்கற வானம் கொஞ்சம் வித்தியாசம்

வெளிநாட்டுக்காரங்க எழுதின டிப்ஸ் எல்லாத்தையும் அப்படியே நம்ம ஊருல போட்டுப் பாக்க முடியாது. பூமியோட காந்தப் புலம் கிடைமட்டமா இருக்கற காந்த நடுக்கோடு தென்னிந்தியாவோட தெக்கு முனை வழியா போகுது. 1963-ல கேரளாவுல இருக்கற தும்பால இருந்து நம்ம நாட்டோட முதல் ராக்கெட் விட்டதுக்கு அந்த இடம் இந்தக் கோட்டு மேல இருந்ததும் காரணம். திருநெல்வேலி பக்கத்துல இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனம் ஆய்வுக்கூடம் வச்சிருக்கறதும் இதே காரணத்துக்காக. இந்தக் கோட்டுக்கு மேல எஃப் அடுக்கு சூரியன் மறைஞ்சதும் விறுவிறுன்னு மேல ஏறும், சில நாள் குமிழி குமிழியா கலைஞ்சும் போகும், குறிப்பா மார்ச், செப்டம்பர் ஒட்டின மாசங்கள்ல. அப்ப நல்லா வந்துட்டு இருந்த ஸ்டேஷன் படபடன்னு இறக்கை அடிக்கற மாதிரி துடிக்கும். பேட்டரி வீக்குன்னு நினைச்சு மாத்த வேண்டாம், ஒரு மணி நேரம் விட்டுப் பாருங்க.

சூரியன்லயே 11 வருஷத்துக்கு ஒரு சுற்று உண்டு, கரும்புள்ளி கூடும், குறையும். கோடைக்கானல் ஆய்வுக்கூடத்துல நூறு வருஷத்துக்கு மேலயா சூரியனைப் படம் பிடிச்சு இதைப் பதிவு பண்ணி வச்சிருக்காங்க. கரும்புள்ளி கூடின வருஷங்கள்ல 13 மீட்டர், 16 மீட்டர் எல்லாம் கலகலன்னு இருக்கும். இப்ப நடக்கற சுற்று உச்சக் கட்டத்துக்கு வந்துடுச்சுன்னு 2024-ல நாசா அறிவிச்சுது, அதனால ஆரம்பிக்க மோசமான காலம் இல்ல. ஒரே தொல்லை, சூரியன்ல திடீர்னு பெரிய வெடிப்பு வந்தா எட்டு நிமிஷத்துல எக்ஸ் கதிர் இங்க வந்து டி அடுக்கைத் தடிமனாக்கிடும், பகல்ல கேக்கறவங்களுக்கு மொத்த ஷார்ட்வேவும் கொஞ்ச நேரம் ஊமையாயிடும்.

வீட்டுக்குள்ளயே இருக்கற எதிரி

தாத்தா காலத்துல வராத ஒரு பிரச்சனை இது. அப்ப வீட்டுல ரெண்டு குண்டு பல்பும் ஒரு ஃபேனும் இருந்துச்சு. இப்ப எல்இடி பல்பு, செல்போன் சார்ஜர், செட்டாப் பாக்ஸ், இன்வெர்ட்டர், வைஃபை மோடம், மாடில சோலார் வேற. இதுல பாதி பொருள் உள்ள கரண்டை வேகமா ஆன் ஆஃப் பண்ணித் தான் வேலை செய்யுது, அந்த வெட்டு ஒவ்வொண்ணும் ஷார்ட்வேவ்ல குப்பையைக் கொட்டுது. நிறைய பேர் "ஷார்ட்வேவ் செத்துப்போச்சு"ன்னு சொல்றது உண்மைல அவங்க வீட்டு சார்ஜர் சத்தம்.

நம்பலன்னா கரண்ட் கட் ஆகற நாள்ல பாருங்க. ஈபில மாசாந்திர பராமரிப்புன்னு காலைல நிறுத்துவாங்கல்ல, தெருவே திட்டும், டிஎக்ஸ் ஆளு மட்டும் பேட்டரி போட்ட ரேடியோவைத் தூக்கிட்டு மாடிக்கு ஓடுவான். ஆனா நம்ம இன்வெர்ட்டர் ஓடிட்டு இருந்தா பிரயோஜனம் இல்ல, அதையும் நிறுத்தணும்.

கட் வர்ற வரைக்கும் காத்திருக்க வேண்டாம். ரேடியோவை பேட்டரில போட்டு, டயல்ல இரைச்சல் அதிகமா இருக்கற ஒரு இடத்துல நிறுத்தி, வீட்டுல ஒவ்வொரு பிளக்கா பிடுங்கிக்கிட்டே வாங்க, எதைப் பிடுங்கினா சத்தம் தொப்புன்னு விழுதோ அது தான் குற்றவாளி. அனேகமா ஒரு மட்டமான சார்ஜராவோ இல்ல விலை குறைஞ்ச எல்இடி பல்பாவோ இருக்கும். பக்கத்து வீட்டு பல்புக்கு மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, சொன்னா நம்மளை ஒரு மாதிரி பாப்பாங்க.

இன்னொரு அடையாளம்: வீட்டு இரைச்சல் ஒரே சீரா இருக்கும், தூரத்து ஸ்டேஷன் அலை மாதிரி ஏறி இறங்கும். ரெண்டு மூணு வழியா வர்ற அதே அலை ஒண்ணோட ஒண்ணு கூடும்போது சத்தம் ஏறும், அடிச்சுக்கும்போது இறங்கும், இதுக்கு ஃபேடிங்னு பேரு.

செட்டும் ஒயரும்

இப்ப தான் செட்டுக்கு வரோம். "9 பேண்ட்"னு போட்டு கம்மி விலைல விக்கற முள்ளு வச்ச ரேடியோல கேக்காதுன்னு இல்ல, ஆனா எந்த அலைவரிசைல நிக்கறோம்னே தெரியாது, ஒரு மயிரிழை நகத்தினா அஞ்சு ஸ்டேஷன் தாண்டிடும். டிஜிட்டல்ல எண் காட்டற செட்டா, வெளி ஆன்டெனா சொருக ஓட்டை இருக்கறதா பாருங்க. எஸ்எஸ்பி இருந்தா இன்னும் நல்லது. எஸ்எஸ்பின்னா சாதாரண ஒலிபரப்புல பாதியை வெட்டிட்டு குரல் இருக்கற பகுதியை மட்டும் அனுப்பற முறை, ஹாம் ரேடியோக்காரங்க, அதாவது முன்னாடி சொன்ன அமெச்சூர் ஆளுங்க, இதுல தான் பேசுவாங்க, அந்த வசதி இல்லாத செட்டுல அவங்க பேச்சு மூக்கைப் பிடிச்சுட்டு உளர்ற மாதிரி கேக்கும். காலைல 7 மெகாஹெர்ட்ஸுக்கும் 7.2-க்கும் நடுவுல தேடினா நம்ம ஊரு ஹாம் ஆளுங்களே மாட்டுவாங்க. டெக்சன் பிஎல்-330, எக்ஸ்எச்டேட்டா டி-808 மாதிரி கைக்கு அடக்கமான செட்டுல இதெல்லாம் இருக்கு. இதுக்கு மேல போக இப்போதைக்கு அவசியமில்ல.

ஒயர் விஷயத்துல பேராசை வேண்டாம். சாதாரண பிளாஸ்டிக் உறை போட்ட ஒயர் அஞ்சு மீட்டர், மிஞ்சிப்போனா பத்து மீட்டர், வீட்டு ஒயரிங்கை விட்டு விலகி ஜன்னலுக்கு வெளிலயோ மாடிலயோ கட்டினா போதும். முப்பது மீட்டர் கட்டினா சின்ன செட்டு திணறிப் போயிடும், பலமான ஸ்டேஷன் எல்லாம் இல்லாத இடத்துல எல்லாம் பேயாட்டம் ஆடும். ஈபி லைன் பக்கம் ஒயரைக் கொண்டு போகவே கூடாது, இடி மின்னல் வர்ற மாதிரி இருந்தா செட்டுல இருந்து கழட்டிடணும், இது ரெண்டுலயும் விளையாட்டு கிடையாது.

செட்டு வாங்கறதுக்கு முன்னாடியே ருசி பாக்கணும்னா நெதர்லாந்துல ட்வென்ட்டே பல்கலைக்கழகம் ஒரு ரிசீவரை இணையத்துல திறந்து விட்டிருக்கு, நம்ம போன்லயே அதைத் திருகிக் கேக்கலாம். ஆனா அது ஐரோப்பாவோட வானம், அங்க கேக்கறது இங்க கேக்கணும்னு இல்ல.

எந்த ஸ்டேஷன் கேக்குது, எங்க இருந்து

நிறைய ஸ்டேஷன் மூடிட்டாங்க, அதை மறைக்க வேண்டாம். ரேடியோ ஆஸ்திரேலியா ஷார்ட்வேவை 2017-ல நிறுத்திடுச்சு, பிபிசி தமிழோசை வானொலியும் அதே வருஷம் நின்னுடுச்சு. இருந்தாலும் சாயங்காலம் 31 மீட்டரைத் திறந்தா இன்னும் கூட்டம் தான். சீனாக்காரங்க எல்லா மூலைலயும் இருப்பாங்க, 1963-லயே தமிழ்ல ஒலிபரப்ப ஆரம்பிச்சவங்க. அப்புறம் ஜப்பானோட என்எச்கே, வியட்நாம், ருமேனியா, துருக்கி, பிபிசி ஆங்கிலம்.

இங்க எல்லாரும் சறுக்கற இடம் ஒண்ணு. ஜப்பான் ஸ்டேஷன் கேட்டா ஜப்பான்ல இருந்து வருதுன்னு அர்த்தமில்ல. டிரான்ஸ்மிட்டரை வேற நாட்டுல வாடகைக்கு எடுத்து அனுப்புவாங்க, இதுக்கு ரிலேன்னு பேரு. பிபிசி ஓமன்லயும் அட்லாண்டிக் நடுவுல அசென்ஷன் தீவுலயும் டிரான்ஸ்மிட்டர் வச்சிருக்கு. திருகோணமலைல இருக்கற நிலையத்தைக் கட்டினது ஜெர்மனியோட டாய்ச்ச வெல்ல வானொலி. ஏதோ ஒரு ஐரோப்பா மொழி நிகழ்ச்சி லோக்கல் மாதிரி கணீர்னு வந்தா உடனே குதிக்காதீங்க, பக்கத்துல எங்கயாவது ரிலே இருக்கான்னு பாருங்க.

பாக்கறதுக்கு அட்டவணை வேணும். எல்லா அட்டவணையும் யூடிசி நேரத்துல தான் இருக்கும், அது உலகத்துக்குப் பொதுவான நேரம், அதோட அஞ்சரை மணி கூட்டினா நம்ம நேரம். 14:00 யூடிசின்னா நமக்கு ராத்திரி ஏழரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அலைவரிசையெல்லாம் மாத்துவாங்க, அதனால போன சீசன் லிஸ்டை வச்சுக்கிட்டு தேடினா ஏமாந்து போவீங்க.

ரிப்போர்ட்டும் கார்டும்

ஒரு ஸ்டேஷனைக் கேட்டோம்னு அவங்களுக்கு எழுதினா, ஆமா நீங்க கேட்டது எங்க ஒலிபரப்பு தான்னு உறுதி சொல்லி படம் போட்ட ஒரு அட்டை அனுப்புவாங்க, அது கியூஎஸ்எல் கார்டு. சில ஸ்டேஷன் இப்ப ஈமெயில்லயே அனுப்பிடுது. ஆனா "நிகழ்ச்சி நல்லா இருந்துச்சு, கார்டு அனுப்புங்க"ன்னு எழுதினா யாரு நம்புவா? தேதி, யூடிசி நேரம், அலைவரிசை, எந்த செட்டு, எந்த ஊரு, சிக்னல் பலம் ஒண்ணுல இருந்து அஞ்சுக்குள்ள எவ்வளவு, பக்கத்து ஸ்டேஷன் தொந்தரவு இருந்துச்சா, எல்லாம் வேணும். முக்கியமா நிகழ்ச்சில என்ன வந்துச்சுன்னு கால் மணி நேரத்துக்காவது எழுதணும், "14:07-க்கு பொண்ணு குரல்ல ஆங்கில செய்தி, 14:12-க்கு புல்லாங்குழல் இசை" இந்த மாதிரி. மொழி புரியலன்னாலும் பரவாயில்ல, ஆண் குரலா பெண் குரலா, என்ன வாத்தியம், எத்தனை மணிக்கு மணி அடிச்சாங்கன்னு எழுதினாலே ஒத்துப் பாத்துப்பாங்க. நிகழ்ச்சி ஆரம்பிக்கறதுக்கு ஒரு ரெண்டு நிமிஷம் முன்னாடியே அந்த அலைவரிசைல போய் உக்காந்துடுங்க, நிறைய ஸ்டேஷன் தன்னோட அடையாள இசையைத் திரும்பத் திரும்பப் போடறது அப்ப தான், அதையும் ரிப்போர்ட்ல சேத்துக்கோங்க. போன்ல ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணி இணைச்சு அனுப்பினா பதில் வர வாய்ப்பு கூடும், ஆனா ரெக்கார்ட் பண்ற போனை ரேடியோ மேலயே வைக்காதீங்க, அதுவும் இரைச்சல் போடும்.